கானகத்து மாநகர்

பிரேசில் நாட்டின் வடபகுதியில், கடலிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோ மீட்டர் உள்ளே, அடர்ந்த மழைக்காட்டின் நடுவே அமைந்துள்ளது மனாவுஸ் நகரம். கரிய நீரையுடைய நெக்ரோ ஆறும், கலங்கல் நீரையுடைய சொலிமோயிஸ் ஆறும் அந்நகருக்கு அருகே கூடுகின்றன. கூடியும் கலவாமல், 6 கிலோ மீட்டர் தொலைவு இருநிறமாய் ஓடிய பின்னரே அவை ஒன்றாகின்றன.

1669ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய கோட்டையைச் சுற்றித் தோன்றிய அவ்வூரை, நெடுங்காலம் உலகம் அறியவில்லை. அதற்குப் பெருவாழ்வு தந்தது ஒரு மரத்தின் பால். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்தபின் இரப்பருக்குத் தேவை பெருகிற்று. அன்று இரப்பரின் பெரும்பகுதி அமேசான் காடுகளிலிருந்தே கிடைத்தது. மனாவுசில் பணம் குவிந்தது, மின்விளக்குகள் ஒளிர்ந்தன, டிராம் வண்டிகள் ஓடின. இத்தாலியிலிருந்து சலவைக்கல்லைக் கப்பலில் வருவித்து, 1896இல் ஓர் இசையரங்கையும் திறந்தனர். ஆனால், காட்டில் மரத்துக்கு மரம் நடந்து பட்டையைக் கீறிப் பால் சேர்த்தவர்களோ, வணிகரிடம் பட்ட கடன் தீராமல் உழன்றனர். பழங்குடியினர் பலர் அடிமைகளாகவே நடத்தப்பட்டனர்.

அந்நகரின் வீழ்ச்சிக்கு வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. உவமையாக அன்று, உண்மையாகவே. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சிலவே. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. அங்கே பால்மரம் வெட்டியவருள் தமிழகத்திலிருந்து சென்றோர் மிகப் பலர். அமேசான் காட்டிலோ மரங்கள் சிதறி நின்றன. நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் அவற்றை அழித்தது. அந்நோய் ஆசியத் தோட்டங்களை எட்டவில்லை. 1913ஆம் ஆண்டளவில் தோட்ட இரப்பர் காட்டு இரப்பரை விஞ்சியது. விலை சரிந்தது, வணிகர் வெளியேறினர், அரங்கில் இசை ஓய்ந்தது.

1967இல் பிரேசில் அரசு மனாவுசுக்கு வரிச்சலுகை வழங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். முன்னைச் செல்வத்தைக் காடு தந்தது. பின்னையதைச் சட்டம் தந்தது. எனினும், தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை ஆற்று வழியாகவே வருதல் வேண்டும். 1902 முதல் நெக்ரோ ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வருகின்றனர். 2023இல் அது முன்பு எக்காலத்தும் இல்லாத அளவு தாழ்ந்தது. 2024இல் அதனினும் தாழ்ந்தது. பெருங்கப்பல்கள் நகரை அணுக இயலாமையால், அவ்வாண்டு கீழாற்றில் இட்டகோட்டியாரா என்னும் ஊரருகே மிதக்கும் துறை அமைத்து, சரக்குகளைச் சிறு கலங்களில் மாற்றி ஏற்றினர்.