மீன் தொட்டியும் மணலும்

வீட்டுக்குக் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டால் அத்துடன் செலவு தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் பாக்கியசாலிகள். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். பத்து வயதான என் பெண், ஓராண்டு முழுவதும் உண்டியலில் சேர்த்த பணத்தைக் கொண்டு இரண்டடி நீளமுள்ள தொட்டி ஒன்று வாங்கினாள். கடைக்காரரோ, "அடியில் பரப்ப மணல் வேண்டாமா, ஸார்?" என்று வினயமாகக் கேட்டு, நீலமும் சிவப்பும் வெண்மையுமாகப் பளபளக்கும் பைகளை வரிசையாக எடுத்து வைத்தார். தேவையான பைகளின் விலையைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய தொட்டியின் விலையே ஆயிற்று. உபாத்தியாயர் வீட்டு வரவு செலவில் இதற்கு இடமேது? மணலுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டு வீடு திரும்பினேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் வீடு கட்டி முடித்திருந்தார். அங்கே மிச்சமாகக் கிடந்த மணலில் இரண்டு வாளி கேட்டு வாங்கி வந்து, இரண்டு தடவை அலசினேன். தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. "இது போதும்" என்று நானே தீர்ப்புச் சொல்லி, அரை ஜாண் உயரத்துக்குக் கொட்டிவிட்டேன். மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பிறகு ஒரு நாள் கண்ணாடியோரமாக, மணலுக்குள் கருந்திட்டுக்கள் தெரிந்தன. அழுக்கென்று கருதிக் கரண்டியால் அடிவரையில் கிளறிவிட்டேன். அழுகிய முட்டையின் நாற்றம் குப்பென்று எழுந்தது. மறுநாள் காலையில் ஏழு மீன்களில் ஐந்து மிதந்தன.

பெண் அழவில்லை. "மணலுக்குக் காசே இல்லை என்றீர்களே, அப்பா! மீன்கள் அல்லவா அதற்கு விலை கொடுத்துவிட்டன?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடிப் படித்தும் விசாரித்தும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

மணல் மலிவாக இருந்ததனால் மீன்கள் சாகவில்லை. மலிவான பொருளுக்கு உழைப்பும் மலிவாக இருந்தால் போதும் என்று நான் நினைத்ததே பிழை. களிமண் நீங்க அலசாமல், அளவுக்கு மிஞ்சிய ஆழத்தில் பரப்பினேன். நுண்ணிய களிமண்ணுடன் மீனின் கழிவும் மிச்ச உணவும் சேர்ந்து இறுகிவிட்டால், அடியடுக்குக்குப் பிராணவாயு செல்வதில்லை. அங்கே பிராணவாயு வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகின்றன. அடியில் அடங்கிக் கிடந்ததை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டவன் நானே.

அப்படியானால் மணலே இல்லாமல் இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். இருக்கலாம், ஆயினும் மணல் வெறும் அலங்காரம் அன்று. மீனின் கழிவில் உண்டாகும் அம்மோனியா மீனுக்கே விஷம். மணற்பரப்பில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர்ச்செடிகளுக்கு வேரூன்ற மணல் வேண்டும். நம் ஊர் அயிரைக்கோ மணலே படுக்கை. அதனுள் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது அதன் சுபாவம்.

விலையுயர்ந்த மணல்தான் வேண்டும் என்பதற்குச் சரித்திரத்திலும் ஆதாரம் இல்லை. 1850-ஆம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் தம் பரிசோதனையை வெளியிட்டார். கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களையும், வாலிஸ்நேரியாச் செடியையும், அழுகும் இலைகளைத் தின்னும் நத்தைகளையும் சேர்த்து வளர்த்து, ஒன்றுக்கொன்று துணையாக அவை வாழும் என்று காட்டினார். அந்தப் பாத்திரத்தின் அடியில் பரப்பியிருந்தது சாதாரண மணலும் சேறுமே.

இனி, எந்த மணலை வாங்குவது? தண்ணீர் சுத்திகரிக்கும் சாதனங்களில் நிரப்புவதற்கென்று மூட்டையாக விற்கும் வடிகட்டி மணல் மிக உத்தமம். அது பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணீரில் கரையாது. சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரித்திருப்பார்கள். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள பருமனைக் கேட்டு வாங்கலாம். அலங்காரப் பைகளின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம். அடுத்தபடியாக, கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்றுமணலைச் சலித்து உபயோகிக்கலாம். ஆனால், ஆற்றுக்கே போய் அள்ளி வரும் எண்ணம் வேண்டாம். அனுமதியின்றி எடுப்பது சட்டவிரோதம் என்பது ஒரு புறம் இருக்க, ஆற்றின் மணல்தான் வெள்ளத்தை உள்வாங்கி ஊர்க் கிணறுகளுக்கு ஊறும்படி செய்கிறது.

இக்காலத்தில் கட்டடங்களில் பெரும்பாலும் காண்பது எம்-சாண்ட் என்னும் இயந்திர மணல். அது உடைத்த கருங்கல், துகள்களுக்குக் கூரிய விளிம்பு உண்டு, கல்தூளும் மிகுதி. அயிரையும் கெளுத்தி இனங்களும் மீசையால் மணலைத் துழாவி இரை தேடுகின்றன. அவற்றுக்கு இந்த மணல் ஆகாது. கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. அதைக் கழுவிப் போக்கலாம். ஆனால் சிப்பித் தூள் மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் காரத்தன்மையையும் ஏற்றும். வெண்பளிங்குச் சல்லியும் அப்படியே. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கடின நீர் பிடிக்கும். ஏனைய பெரும்பாலான வீட்டு மீன்களுக்கு அவ்வளவு கடினம் வேண்டியதில்லை.

மணலைச் சோதிக்கச் சமையலறையே போதும். ஒரு கரண்டி உலர்ந்த மணலின்மேல் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கவனியுங்கள். நுரைத்துக் குமிழியிட்டால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, விலக்கிவிடுங்கள். மற்றொரு கரண்டி மணலைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீருடன் குலுக்கி வையுங்கள். சுத்தமான மணல் ஒரு நிமிஷத்துக்குள் படியும். நெடுநேரம் கலங்கலாக நின்றால் களிமண் அதிகம். கடைசியாக, சிறிது மணலை உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். நமக்கே உறுத்தினால் மீனுக்கு எப்படி இருக்கும்?

எவ்வளவு வாங்க வேண்டும் என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 4 சென்டிமீட்டர் உயரம் பரப்ப, 7,200 கன சென்டிமீட்டர், அதாவது 7.2 லிட்டர் மணல் வேண்டும். உலர்ந்த மணல் லிட்டருக்குச் சுமார் 1.6 கிலோ. ஆகவே 12 கிலோ போதும். அதற்கு மேல் ஆழம் அநாவசியம்.

அலசுவதுதான் மெய்யான செலவு. மொத்தத்தையும் ஒரே வாளியில் கொட்டி மாரடிக்கலாகாது. இரண்டு கிலோவாக எடுத்து, கைவிட்டுத் துழாவி, கலங்கல் நீரை வடித்துவிட வேண்டும். மணலுக்குமேல் நிற்கும் நீர் குடிநீர்போல் தெளியும் வரையில், பத்துப் பதினைந்து தடவையானாலும் சலியாமல் செய்ய வேண்டும். சோப்பு எதுவும் கூடாது. வடித்த நீரை வாழைக்கு ஊற்றலாம்.

பரப்பியபின் மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெதுவாகத் தண்ணீரை ஊற்றினால் மணல் கலையாது. குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீங்க ஒரு நாள் பிடித்து வைத்திருந்து ஊற்றுவது நலம். முதல் நாள் சிறிது கலங்கல் இருந்தால் அது படிந்த பிறகே வடிகட்டி மோட்டாரை ஓட்டலாம். இல்லாவிடில் மணல் உள்ளே புகுந்து அதைத் தேய்த்துவிடும். உடனே மீன்களை விட வேண்டாம். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நண்பர் வீட்டில் நன்றாக நடக்கும் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் கிடைத்தால் அந்தக் காலம் குறையும். அதற்கும் விலை இல்லை. பிற்பாடு வாரம் ஒருமுறை மெல்லிய குச்சியால் மேலாகக் கீறிவிட்டால் மணல் இறுகாது.

இரண்டாம் தடவை மணலை அலசியது நானல்ல, என் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் கொல்லையில் உட்கார்ந்து, பதினாலு தடவை எண்ணி அலசினாள். "போதும், அம்மா" என்று நான் சொன்னபோதெல்லாம் தம்ளரில் எடுத்துக் காட்டி, "இன்னும் கலங்கல், அப்பா" என்றாள். பிறகு நாட்காட்டியில் ஆறு வாரத்தை அடித்துக்கொண்டே வந்தாள். சந்தையில் உயிருடன் விற்ற அயிரையில் நாலை வாங்கி வந்தபோது, "குழம்புக்கு ஆகும் என்றல்லவா பார்த்தேன்!" என்றாள் என் மனைவி.

அது நடந்து ஓராண்டாகிறது. பழைய மீன்கள் இரண்டும் அயிரை நாலும் சுகமாக இருக்கின்றன. மாலையில் விளக்குப் போட்டதும் மணலுக்குள்ளிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்க்கும். பெண் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பாடப் புத்தகத்தைத் திறக்கிறாள்.