வீட்டில் நிரப்பும் தோட்டா: ஆதாயமோ நட்டமோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கைத்துப்பாக்கி கொண்டு குறிபார்த்துச் சுடுதலைப் பொழுதுபோக்காக உடையோர் பலர். அவருள் ஒரு சாரார், தாம் சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டை எறிந்துவிடாது வீட்டிற்குக் கொணர்ந்து, மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்பிக்கொள்வர். இதனால் அவர்க்கு ஆதாயம் உண்டோ என்பது அந்நாட்டில் நெடுநாளாக நிகழும் வழக்கு. படைக்கலம் பற்றிய பேச்சு நம் கல்லூரி மலருக்கு ஏலாதெனச் சிலர் முகஞ்சுளித்தலும் கூடும். யாம் ஆராயப் புகுந்தது கலத்தையன்று, கணக்கையே. கோபுரங் கட்டப் புகுவோனைக் குறித்து ஆண்டவர் உரைத்த உவமையை அறிந்தோர்க்கு இவ்வாராய்ச்சி புறம்பானதாகத் தோன்றாது.

தோட்டா நான்கு உறுப்புக்களால் ஆயது. பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியிற் பொருத்தப்பெற்று, அடிபட்டவுடன் பொறியை எழுப்பும் பிரைமர் என்னும் சிறு கிண்ணம் ஒன்று, மருந்து ஒன்று, முகப்பிலுள்ள குண்டு ஒன்று. சுட்டவுடன் மருந்து எரிந்துபோம், குண்டு பறந்துபோம், பிரைமர் ஒருமுறைக்கே உதவும். எஞ்சுவது கூடு ஒன்றே. அதுவோ பல முறை நிரப்புதற்கு இடந்தருவது. ஆகவே, நிரப்புவோன் பெறும் ஊதியமெல்லாம் இப்பித்தளையின் விலையும் தொழிற்சாலையார் கூலியுமே என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இத்தொழில் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு சிறு துளையும் காரணமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிலே பெர்டன் என்னும் அமெரிக்கர் ஒருவகைப் பிரைமரையும், பாக்ஸர் என்னும் ஆங்கிலேயர் மற்றொரு வகையையும் அமைத்தனர். பெர்டனார் முறையிற் கூட்டின் அடியில் நடுவிலகிய இரு நுண்டுளைகள் உள. பாக்ஸரார் முறையில் நட்டநடுவே ஒரே துளை. ஒரு துளையாயின் மேலிருந்து ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதிற் கழற்றிவிடலாம். விந்தை யாதெனின், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிற்கும், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிற்கும் உரியதாயிற்று. வீட்டில் நிரப்புவோர்க்கு இவ்விடமாற்றம் பெரியதொரு பேறு.

இனிக் கணக்கிற்கு வருவோம். 1902-ல் லூகர் என்னும் ஆஸ்திரியர் அமைத்த 9 மில்லிமீட்டர்த் தோட்டாவே இந்நாளில் மிகுதியும் வழங்குவது. 2024-ஆம் ஆண்டளவில் அது கடையில் ஏறத்தாழ 25 சென்டுக்குக் கிடைத்தது. வீட்டில் நிரப்பினாலோ, குண்டிற்கு 10 சென்ட், பிரைமருக்கு 7, மருந்திற்கு 3 ஆக 20 சென்ட் ஆகும். கூட்டிற்கு விலையில்லை எனவே வைத்துக்கொண்டாலும் மிகுவது 5 சென்ட். ஒரு முறை ஒரு வேலையே செய்யும் எளிய அழுத்துபொறியும், அச்சுக்களும், தராசும் வாங்க 250 டாலர் ஆயின், 5,000 தோட்டா நிரப்பிய பின்னரே முதல் மீளும். அப்பொறியில் மணிக்கு 75 நிரப்புதல் இயலுமெனக் கொண்டால் ஏறக்குறைய 67 மணி நேரம் உழைத்தல் வேண்டும். மணிக்கு மிகுவது 3 டாலர் 75 சென்ட். 2009 முதல் அந்நாட்டு நடுவணரசு விதித்துள்ள மிகக் குறைந்த கூலியோ மணிக்கு 7 டாலர் 25 சென்ட்! தன் வீட்டு மேசையில் தனக்கே அரைக்கூலியாளாக இருக்கின்றான் அவன்.

கைப்பிடியை ஒருமுறை இழுத்தவுடன் ஒரு தோட்டா முற்றுப்பெறும் விரைவுப் பொறிகளும் உள. அவற்றால் மணிக்கு 400 முடித்து 20 டாலர் மிகுக்கலாம். ஆயின் பொறியின் விலை துணைக்கருவிகளுடன் 1,000 டாலரை எட்டும். முதல் மீளுதற்கு 20,000 தோட்டா வேண்டும். திங்கட்கு நூறு சுடுவோனுக்கு இது பதினாறு ஆண்டிற்கு மேற்பட்ட கணக்கு. பிறர்க்கு நிரப்பி விற்றுப் பொறியின் விலையை ஈடுசெய்வோமெனின் அதுவும் ஆகாது. தன் பயனுக்கு நிரப்ப உரிமம் வேண்டுவதில்லை, விற்கப் புகின் நடுவணரசின் உரிமம் வேண்டும்.

எனவே 9 மில்லிமீட்டர்க்காரன் கடையிற் கொள்வதே அறிவுடைமை என்பது எம் கருத்து. பெருந்துப்பாக்கியுடையான் நிலை வேறு. .44 மாக்னம் என்னும் ரிவால்வர்த் தோட்டா கடையில் 90 சென்ட் அளவினது. வீட்டில் நிரப்ப 40 சென்ட் போதும். அவனுக்கு 500 தோட்டாவில் முதல் மீண்டுவிடும். அன்றியும், தானியங்கித் துப்பாக்கி வெறுங்கூட்டைப் புல்லிலே வீசியெறியும். ரிவால்வரோ அதனைத் தன் உருளையினுள்ளேயே வைத்திருந்து உடையான் கையிற் கொடுக்கும். இந்த .44 மாக்னமே வீட்டில் நிரப்புவோர் தந்த கொடை. இடாஹோ மாநிலத்து எல்மர் கீத் என்பார் பழைய .44 தோட்டாவை மிகுவலிவுடையதாக நிரப்பிப் பல்லாண்டு சோதித்து எழுதிவந்ததன் பயனாகவே, 1955-ல் தொழிற்சாலையார் அதனை வெளியிட்டனர்.

நிரப்புவோர் தாமே நகையாடிக்கொள்ளும் உண்மையொன்று உண்டு: தோட்டா மலிந்தவுடன் அவர்தம் செலவு குறைவதில்லை, சுடுதலே பெருகுகின்றது. முன் நூறு சுட்டவன் இருநூறு சுடுவான். திங்கள் முடிவிற் பணப்பை முன்போலவே மெலிந்திருக்கும்.

மற்று, பஞ்ச காலத்திற்கு உதவுமன்றோ என்பர். 2020-லும் 2021-லும் கொள்ளைநோய்க் காலத்தில் தோட்டாக்கள் கடைகளில் அருகின. விலை பன்மடங்கு ஏறிற்று. ஆயின் அப்பொழுது பிரைமரும் உடன்மறைந்தது. முன்னர் 3 சென்ட் அளவிற் கிடைத்த அச்சிறு கிண்ணம் மீண்டும் கடைக்கு வந்தபோது இருமடங்கிற்கு மேல் விலையுற்றிருந்தது. ஈயத்தை உருக்கிக் குண்டை வீட்டிலேயே வார்க்கலாம். பிரைமரை வார்த்தல் இயலாது. அதனை ஆக்கும் பெருந்தொழிற்சாலைகள் அந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கன. முன்னரே வாங்கிச் சேமித்தோர் பிழைத்தனர். ஏனையோர் பொறியைத் துணியால் மூடி வைத்தனர்.

கணக்கேட்டில் எழுதப்படாத செலவு இன்னும் ஒன்று உளது. கைத்தோட்டாவிற்குரிய மருந்து விரைந்து எரிவது, சிறிதளவே வேண்டுவது. பல தோட்டாக்களில் அது கூட்டின் பாதியையும் நிரப்பாது. ஆகவே, கவனம் பிசகி இருமுறை மருந்திடினும் கூட்டினுள் அடங்கிவிடும். குண்டை வைத்து மூடியபின் புறத்தே ஒரு வேறுபாடும் தோன்றாது. அதனைச் சுடுவோன் கையிலேயே துப்பாக்கி வெடித்தல் கூடும். மருந்திடவே மறப்பின் பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலின் நடுவே நிறுத்திவிடும். அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். துப்பாக்கி செய்வோர் பலர், நிரப்பிய தோட்டாவால் வந்த பழுதிற்குத் தாம் பொறுப்பல்லர் என முன்னரே எழுதிவிடுகின்றனர்.

அதனால், கைதேர்ந்தோர் ஐம்பது கூடுகளைத் துளையிட்ட பலகையில் நிறுத்தி, மருந்திட்டபின் விளக்கைச் சாய்த்து ஒவ்வொன்றின் உள்ளும் நோக்குவர். ஐம்பதிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கக் கண்ட பின்னரே முதற்குண்டை எடுப்பர். மணிக்கு 75 என யாம் மேலே கொண்டது இந்நோக்குதலையும் சேர்த்தே. இதனை விடுப்பின் மணிக்கு நூறும் நிரப்பலாம்.