எதிர்மறை அழுத்தக் காயச் சிகிச்சைக் கருவிகளில் பழுது கண்டறிதல்

எதிர்மறை அழுத்தக் காயச் சிகிச்சை என்பது, ஆறாத புண் அல்லது திறந்த காயத்தைக் காற்றுப் புகாதவாறு மூடி, அதன் மீது வளிமண்டல அழுத்தத்தை விடக் குறைந்த அழுத்தத்தைத் தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ செலுத்தும் மருத்துவ முறை ஆகும். இம்முறையில் பயன்படும் கருவி குறித்த அழுத்தத்தைக் காயத்தில் உண்மையாகவே நிலைநிறுத்துகின்றதா என்பதை அறிவதும், இல்லையெனில் காரணத்தைப் பிரித்தறிவதும் பழுது கண்டறிதல் எனப்படும். கருவியின் திரையில் தோன்றும் அழுத்தமும் காயத்தில் நிலவும் அழுத்தமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாடே இத்துறையின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் அழுத்த அளவுகள் வளிமண்டல அழுத்தத்திலிருந்து எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுகின்றன. எடுத்துக்காட்டாக, 125 மி.மீ. பாதரசம் என்பது வளிமண்டல அழுத்தத்தை விட 125 மி.மீ. குறைவானது எனப் பொருள்படும்.

கருவியின் அமைப்பு

இத்தகைய கருவித் தொகுதி பொதுவாகப் பின்வரும் உறுப்புகளைக் கொண்டது.

- காயத்தின் குழியை நிரப்பும் நுரைப்பஞ்சு அல்லது வலைத்துணி. பரவலாகப் பயன்படும் கறுப்பு நிறப் பாலியூரித்தேன் நுரைப்பஞ்சின் துளைகள் 400 முதல் 600 மைக்குரோமீட்டர் அளவுடையவை.
- நுரைப்பஞ்சையும் சுற்றியுள்ள தோலையும் மூடும் ஒளிபுகும் ஒட்டுப்படலம்.
- காயத்திலிருந்து நீரையும் காற்றையும் எடுத்துச்செல்லும் குழாய்.
- காயத்திலிருந்து வடியும் நீர் தேங்கும் சேகரிப்புக் கலனும், அந்நீர் எக்கிக்குள் செல்லாமல் தடுக்கும் வடிகட்டியும்.
- மின்னோடியால் இயங்கும் எக்கி (பம்பு), அழுத்த உணரி, கட்டுப்பாட்டுச் சுற்று, மின்கலம், எச்சரிக்கை ஒலிப்பான்.

கட்டுப்பாட்டுச் சுற்று, உணரி காட்டும் அழுத்தத்தைக் குறித்த அளவுடன் ஒப்பிடுகின்றது. உறிஞ்சல் குறைந்தால் எக்கியை இயக்குகின்றது. போதுமான அளவை எட்டியதும் நிறுத்துகின்றது. ஆகவே, நன்றாக மூடப்பட்ட காயத்தில் எக்கி பெரும்பாலான நேரம் ஓய்வாகவே இருக்கும்.

வரலாற்றுப் பின்னணி

இன்றைய முறையின் அடிப்படை ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லூயிஸ் அர்கென்டா, மைக்கேல் மொரிக்வாஸ் ஆகியோரின் ஆய்வுகளால் உருவானது. இவர்களின் ஆய்வுகள் 1997 ஆம் ஆண்டில் வெளியாயின. பன்றிகளில் செய்யப்பட்ட சோதனைகளில், 125 மி.மீ. பாதரச அளவில் காயத்தைச் சுற்றிய குருதியோட்டம் ஏறத்தாழ நான்கு மடங்கானது, 400 மி.மீ. அளவிலும் அதற்கு மேலும் குருதியோட்டம் தடைப்பட்டது. இதனால் 125 மி.மீ. என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவாயிற்று. உறிஞ்சல் குறைந்தாலும் மிகுந்தாலும் பயன் கெடும் என்பதால், சரியான அளவு காயத்தைச் சென்றடைகின்றதா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே முதன்மை பெற்றது.

பழுதுகளின் வகைகள்

காற்றுக் கசிவு: இது மிகுதியாகக் காணப்படும் பழுது ஆகும். ஒட்டுப்படலத்தின் ஓரங்கள், தோல் மடிப்புகள், மயிருள்ள இடங்கள், வியர்வை படிந்த தோல், குழாய் இணைப்புகள், சரியாகப் பொருந்தாத கலன் ஆகியவை கசிவு தோன்றும் இடங்கள். கசிவு மிகும்போது எக்கி ஓயாமல் இயங்கும். மின்கலம் விரைவில் தீரும். காயம் உலர்ந்துபோகவும் கூடும்.

அடைப்பு: குழாய் மடிவதாலும், நோயாளியின் உடல் அதன் மேல் அழுத்துவதாலும், கவ்வி மூடியிருப்பதாலும், உறைந்த குருதி அல்லது தடித்த காயநீர் தேங்குவதாலும் அடைப்பு ஏற்படுகின்றது.

கலன் நிறைதல்: கலன் நிறைந்ததும் வடிகட்டி நனைந்து காற்றோட்டம் நின்றுவிடும். கருவி சாய்ந்து கிடந்தால், கலன் நிறையாமலே வடிகட்டி நனைவதுண்டு. அப்போது கலன் நிறைந்துவிட்டதாகக் கருவி தவறாக அறிவிக்கும்.

உட்பாகப் பழுதுகள்: எக்கியின் மென்றகடு தேய்தல், வால்வு மூடாமை, மின்கலத்தின் கொள்ளளவு குறைதல், உணரியின் சுழிய அளவு பிறழ்தல் ஆகியவை இவ்வகையின.

நல்ல மூடலும் அடைப்பும்

காற்றுக் கசிவைக் கண்டறிவது எளிது. எக்கியின் வேகம் அல்லது அது இயங்கும் நேரம் குறித்த எல்லையைத் தாண்டினால் கருவி கசிவு என அறிவிக்கின்றது. அடைப்பைக் கண்டறிவதே கடினம்.

ஒரே துளையுள்ள குழாயும் எக்கியின் அருகில் ஒரே உணரியும் கொண்ட கருவியில், குழாய் நடுவில் முழுமையாக அடைபட்டதாகக் கொள்க. எக்கிக்கும் அடைப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் 125 மி.மீ. அளவு குறையாமல் இருக்கும். உணரி அதையே காட்டும். காற்று வராததால் எக்கி ஓய்வெடுக்கும். இதே அறிகுறிகள்தாம் மிக நன்றாக மூடப்பட்ட காயத்திலும் காணப்படுகின்றன. ஆனால் அடைப்புக்கு அப்பால், காயநீர் சிறிது சிறிதாக ஊறி நுரைப்பஞ்சை நிரப்ப, அங்குள்ள உறிஞ்சல் படிப்படியாக மறைகின்றது. திரையில் குறித்த அளவு தோன்றும், எச்சரிக்கை ஒலி எழாது, சிகிச்சையோ நடைபெறாது.

இதனைத் தீர்க்க இரு வழிகள் கையாளப்படுகின்றன.

- தனி உணர்குழாய்: நீரை உறிஞ்சும் துளையுடன், அழுத்தத்தை மட்டும் அறியும் வேறொரு துளையும் காயம் வரை செல்கின்றது. எக்கியருகில் உள்ள அளவும் காயத்தருகில் உள்ள அளவும் ஒப்பிடப்படுகின்றன. இரண்டிற்கும் இடையே நீடித்த வேறுபாடு இருந்தால் அடைப்பு என முடிவு செய்யப்படுகின்றது. உணர்குழாயில் நீர் புகுந்துவிடாமல் இருக்க, சில கருவிகள் இடையிடையே அதன் வழியே சிறிதளவு காற்றைச் செலுத்துகின்றன.
- அளவான காற்று நுழைவு: குழாயின் காயமுனையில் வடிகட்டியுடன் கூடிய நுண்துளை ஒன்று வைக்கப்படுகின்றது. அதன் வழியே அறிந்த அளவு காற்று எப்போதும் நுழைந்து, காயநீரையும் கலனை நோக்கித் தள்ளுகின்றது. காற்றோட்டம் அந்த அளவை விட மிகுந்தால் கசிவு, நின்றுபோனால் அடைப்பு.

இரண்டாம் வழியில் வேண்டுமென்றே ஒரு சிறு கசிவு உருவாக்கப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது. முழு அமைதிக்கு மாறாக, இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட ஓட்டமே இங்கு நலத்தின் அடையாளம் ஆகின்றது.

அழுத்தத் தேய்வுச் சோதனை

எக்கியை நிறுத்திவிட்டு, அழுத்தம் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதைக் கொண்டு கசிவைக் கணிக்கலாம். தொகுதிக்குள் உள்ள காற்றிடத்தின் கன அளவை அழுத்த மாற்றத்தால் பெருக்கி, வளிமண்டல அழுத்தத்தால் (760 மி.மீ. பாதரசம்) வகுத்தால், உட்புகுந்த காற்றின் அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, காற்றிடம் 500 மி.லி. ஆகவும், ஒரு நிமிடத்தில் உறிஞ்சல் 125 இலிருந்து 100 மி.மீ. ஆகவும் குறைந்தால், உட்புகுந்த காற்று 500 × 25 ÷ 760, அதாவது ஏறத்தாழ 16 மி.லி. ஆகும். கலனில் நீர் நிறைந்து காற்றிடம் 100 மி.லி. ஆகச் சுருங்கிவிட்டால், அதே கசிவினால் உறிஞ்சல் ஐந்து மடங்கு விரைவாகக் குறையத் தொடங்கும். எனவே கலனின் நிலையை அறியாமல் அழுத்தத் தேய்வை மட்டும் கொண்டு கசிவின் அளவைத் தீர்மானிப்பது தவறான முடிவைத் தரும்.

நீர்க்கம்ப விளைவு

எந்த உறுப்பும் பழுதடையாமலே காயத்தில் அழுத்தம் மாறுபடலாம். குழாய் முழுவதும் நீர் நிறைந்திருக்கும்போது, ஒவ்வொரு 13.6 மி.மீ. நீர் உயரமும் 1 மி.மீ. பாதரசத்துக்கு ஈடானது. கருவி காயத்தை விட 50 செ.மீ. உயரத்தில் தொங்கினால், ஏறத்தாழ 37 மி.மீ. பாதரச அளவு இழக்கப்படும். எக்கியருகில் 125 காட்டினாலும் காயத்தில் 88 அளவே எஞ்சும். கருவி அதே அளவு தாழ்ந்திருந்தால் காயத்தில் உறிஞ்சல் 162 வரை உயரக்கூடும். குழாயில் காற்றுக் குமிழ்கள் கலந்திருந்தால் இவ்விளைவு குறையும். கருவியைக் காயத்தின் மட்டத்தை ஒட்டி வைப்பது இதனைத் தவிர்க்க உதவுகின்றது.

நோயாளியின் அருகில் செய்யும் சோதனை

எச்சரிக்கை ஒலி எழுந்தாலும் எழாவிட்டாலும், பின்வரும் வரிசையில் சோதிப்பது வழக்கம்.

- நுரைப்பஞ்சு சுருங்கி, உலர்திராட்சை போல மடிப்புகளுடன் கெட்டியாக உள்ளதா எனப் பார்த்தல். உப்பி மென்மையாக இருந்தால் உறிஞ்சல் இல்லை எனப் பொருள். அடைப்பு ஏற்பட்ட தொடக்கத்தில் நுரைப்பஞ்சு சுருங்கியே இருக்கும் என்பதால், இச்சோதனை மட்டும் போதாது.
- குழாயில் நீர் நகர்கின்றதா, கலனின் நீர்மட்டம் முன்பு குறித்ததிலிருந்து மாறியுள்ளதா எனப் பார்த்தல்.
- கவ்விகள் திறந்துள்ளனவா, குழாய் மடிந்துள்ளதா எனக் காயத்திலிருந்து கருவி வரை தொடர்ந்து பார்த்தல்.
- ஒட்டுப்படலத்தின் ஓரங்களில் விரலை மெல்ல அழுத்தியபடி சீறல் ஒலியைக் கேட்டல். அழுத்தியதும் ஒலி நின்றால் கசிவு அவ்விடத்திலேயே உள்ளது.
- குழாயைக் காயத்தின் அருகில் கவ்வியால் மூடுதல். கசிவு அறிவிப்பு நின்றால் பழுது காயப் பகுதியில் உள்ளது. தொடர்ந்தால் கலனிலோ கருவியிலோ உள்ளது. சோதனை முடிந்ததும் கவ்வியைத் திறக்க வேண்டும்.

பரவலாகப் பயன்படும் கருவிகளின் வழிகாட்டுதல்களின்படி, 24 மணி நேரத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் உறிஞ்சல் நின்றிருக்கக் கூடாது. மீறினால் நுரைப்பஞ்சை அகற்றிக் காயத்தைக் கழுவி, மருத்துவர் அறிவுறுத்தும் கட்டை இட வேண்டும். மூடிய காயத்தில் தேங்கிய நீர் நுண்ணுயிர்கள் பெருக இடமளிப்பதே இதற்குக் காரணம். எனவே, பழுது எப்போது தொடங்கியது என்பதை அறிவதும் பழுதை அறிவதைப் போலவே இன்றியமையாதது.

பராமரிப்புச் சோதனை

மருத்துவமனைகளின் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவில், அளவுதிருத்தப்பட்ட அழுத்தமானியைக் கருவியுடன் இணைத்து, பல அழுத்த நிலைகளில் திரையின் அளவு ஒப்பிடப்படுகின்றது. குழாயை மூடி அடைப்பு எச்சரிக்கையும், திறந்துவிட்டுக் கசிவு எச்சரிக்கையும் உரிய நேரத்தில் எழுகின்றனவா எனப் பார்க்கப்படுகின்றது. மின்கலம் சுமையுடன் இயங்கும் நேரமும் அளக்கப்படுகின்றது. உணரியே பிறழ்ந்திருந்தால் கருவி தன் பிழையைத் தானே அறிய இயலாது என்பதால், வெளி அழுத்தமானியுடன் ஒப்பிடுதல் தவிர்க்க முடியாதது.

கருவி அறியாத இடர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2009 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இக்கருவிகளுடன் தொடர்புடையனவாக 6 இறப்புகளும் 77 காயங்களும் பதிவானதாகத் தெரிவித்தது. 2011 பெப்ரவரியில் இவ்வெண்ணிக்கை 2007 முதல் 12 இறப்புகள், 174 காயங்கள் என உயர்ந்தது. குருதிப்பெருக்கே மிகக் கடுமையான விளைவாகக் குறிப்பிடப்பட்டது. 2009 ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, இறப்புகளுள் பெரும்பாலானவை நோயாளியின் வீட்டிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ நிகழ்ந்தன.

குருதி கலனில் சேரும்போது, அழுத்தத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு அதுவும் காயநீரே. காற்றுக் கசிவோ அடைப்போ இல்லாததால் எச்சரிக்கை எழாமல் போகலாம். குழாயில் திடீரெனப் பளிச்சென்ற சிவப்பு நிறம் தோன்றினாலோ கலன் வழக்கத்தை விட விரைவாக நிறைந்தாலோ கருவியை உடனே நிறுத்தி, காயத்தை அழுத்திப் பிடித்து, அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும் என வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. குருதி உறைவெதிர்ப்பு மருந்து உட்கொள்வோருக்கு இவ்விடர் மிகுதி. அவ்வாறே, கட்டு மாற்றும்போது காயத்தினுள் விடுபட்ட நுரைப்பஞ்சுத் துண்டையும் எந்த உணரியும் அறிவதில்லை. வைக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கையை ஒட்டுப்படலத்தின் மீதும் நோயாளியின் பதிவேட்டிலும் எழுதி, அகற்றும்போது எண்ணிச் சரிபார்ப்பதே இதற்கான வழி ஆகும்.