பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்

கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். வீட்டுத் தொட்டியில் ஒரு கறுப்பு மோலி அடிக்கடி கல்லில் போய் உடம்பை உரசிக்கொண்டிருந்தது. விளையாடுகிறது என்று நினைத்தோம். மூன்றாம் நாள் அதன் வாலில் ரவை ஒட்டியதுபோல இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஐந்தாம் நாள் தொட்டியில் இருந்த எல்லா மீன் மேலும் யாரோ ரவையைத் தூவியிருந்தார்கள். இரண்டடித் தொட்டி அது. உள்ளே 34 மீன்கள். ‘அழகா இருக்கே, இன்னும் ரெண்டு ஜோடி’ என்று ஒவ்வொரு ஞாயிறும் வாங்கி விட்டது நான்தான்.

வெண்புள்ளி நோய் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். காரணம் ஒற்றைச் செல் உயிரி ஒன்று. அதன் அறிவியல் பெயர் இக்தியோஃப்தைரியஸ் மல்டிஃபிலிஸ். பிரித்துப் பார்த்தால், ‘பல பிள்ளைகள் பெற்ற மீன் பேன்’. 1876இல் ஃபூக்கே இதை விவரித்துப் பெயரிட்டார். இவ்வளவு பொருத்தமாக உயிரினங்களுக்குப் பெயர் அமைவது அபூர்வம். மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, அங்கேயே சுழன்று சுழன்று செல்களைத் தின்று, ஒரு மில்லிமீட்டர் வரை வளர்கிறது. ஒற்றைச் செல்லுக்கு அது யானை அளவு; அதனால்தான் கண்ணுக்கே தெரிகிறது. வயிறு நிறைந்ததும் தோலை உடைத்து வெளியேறி, தொட்டியின் அடியில் கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. கூடு உடையும்போது வெளிவரும் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஆயிரம் வரைகூடப் போகும். இத்தனையும் நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்துவிடும்.

அந்தக் குஞ்சுகளுக்கு இருப்பது இரண்டு நாள் அவகாசம். அதற்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் சாவு. ஆற்றில் இது கிட்டத்தட்டத் தோற்றுப்போகிற ஆட்டம். குஞ்சு வெளிவரும் நேரத்துக்கு மீன் எங்கோ போயிருக்கும்; தண்ணீரோ ஓடிக்கொண்டே இருக்கும். 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள் 34 மீன் இருந்தால் ஆட்டம் தலைகீழ். எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு மீன் எதிர்ப்படும். பேனோ மீனோ மாறவில்லை, தூரம் மட்டும் குறைந்தது. நெரிசல் செய்கிற முதல் வேலை இதுதான்.

மருந்து பலிக்கவில்லை என்று பலர் நொந்துகொள்வதற்கான காரணமும் இந்த வாழ்க்கைச் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது. தோலுக்கு அடியில் இருப்பதை மருந்து தொடாது. கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். புள்ளி மறைந்துவிட்டது என்று மூன்றாம் நாளே மருந்தை நிறுத்துகிறவர், பேன் தோலை விட்டு இறங்கிப் பிள்ளை பெறப் போன நேரத்தில் நிறுத்துகிறார். கடைகளில் கிடைக்கும் மாலக்கைட் பச்சை கலந்த மருந்தானாலும் சரி, புள்ளி போன பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். கெளிறு இனத்து மீன்கள் அதைத் தாங்குவதில்லை. அவற்றுக்குப் பாதி அளவு போதும். ஹீட்டர் வைத்துத் தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. பேனின் சுற்று வேகமெடுக்கும், பெரும்பாலான சமயம் பெருக்கமே நின்றுபோகும். மழைக்காலத்தில் இந்த நோய் தலைகாட்டுவதன் மறுபக்கம் இது: திடீர்க் குளிர் மீனைத் தளர்த்துகிறது, பேனுக்கு வாகாகிறது. ஆனால் சூடான தண்ணீரில் காற்று குறைவாகவே கரையும். 25 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவில் இருக்கும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கும். செவுளில் புள்ளி விழுந்த மீனுக்கு அந்த அரை மில்லிகிராமும் பெரிது. காற்று மோட்டாரைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் ஹீட்டரில் கை வைக்க வேண்டும்.

சரி, என் தொட்டியில் அந்தப் பேன் எப்போது வந்தது? கடைசியாக வாங்கிய ஜோடியோடு வந்திருக்கலாம். பழைய மீன் ஒன்றின் செவுளில் வெளியே தெரியாமல் பல நாள் இருந்தும் இருக்கலாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் மீனின் வழவழப்பே அதன் கவசம். அந்தச் சளிப்படலத்தில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. அதைக் கரைத்தது எது என்று தேடினால், கண்ணாடி போலத் தெளிந்திருந்த தண்ணீரில்தான் போய் நிற்கிறோம்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மூச்சு விடும் அதே வாசலில் கழிவும் போகிறது. ஒரு கிராம் தீவனம் போட்டால் சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா வரும். 54 லிட்டரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். இதில் ஒரு நுட்பம் உண்டு. அம்மோனியாவுக்குத் தண்ணீரில் இரண்டு வேடம். ஒன்று அம்மோனியம், அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. மற்றது அசல் அம்மோனியா, செவுளை அரிக்கும். எந்த வேடம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவு தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் அசல் நஞ்சு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 என்றால் ஐந்து பங்குக்கு மேல். 9 என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்.

‘தொட்டியைச் சுத்தமாகக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன்; மறுநாளே மீனெல்லாம் மல்லாந்துவிட்டது’ என்று சொல்லாத மீன் வளர்ப்பாளர் உண்டா? பழைய நெரிசல் தொட்டியில் நாள்பட நாள்பட அமிலம் சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். எக்கச்சக்கமாகச் சேர்ந்த அம்மோனியாவும் அம்மோனியம் வேடத்தில் சும்மா கிடந்திருக்கும். அதன் தலையில் பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டிக்குக் கொட்டினால், கிடந்ததில் ஒரு பங்கு நிமிடங்களில் நஞ்சாக மாறும். கால் தொட்டிக்கு மேல் ஒரே நாளில் மாற்றாதே என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வது வேதியியல் படித்து அல்ல, அடிபட்டு.

கழுவியதில் இன்னொரு கொலையும் நடந்திருக்கும். ஃபில்டர் ஸ்பாஞ்சின் பழுப்பு வழவழப்பில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்குகின்றன. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் 1850இல் பொன்மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, தண்ணீர் மாற்றாமலே வாழ வைத்த சோதனையை அறிவித்தபோது இந்த நுண்ணுயிர்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. மீன் தொட்டியில் அந்த வேலையைச் செய்பவை பாக்டீரியாக்களே என்று நெடுங்காலம் நம்பினோம். பல நன்னீர்த் தொட்டிகளில் முதல் கட்டத்தைச் செய்பவை ஆர்க்கியா என்ற வேறொரு குலம் என்பது 2011இல்தான் வெளிவந்தது. இரண்டு கட்டத்தையும் தனியாகவே முடிக்கும் பாக்டீரியா ஒன்று 2015இல் அறியப்பட்டது. அதைக் கண்டெடுத்த இடங்களில் ஒன்று ஒரு மீன் பண்ணையின் வடிகட்டி. இத்தனை வேலைக்காரர்களையும் நாம் குழாயடியில் குளோரின் தண்ணீரைத் திறந்துவிட்டு, சில வீடுகளில் சோப்பும் போட்டு, அலசி வழியனுப்புகிறோம்.

இந்த வேலை பாதியில் நின்றால் நைட்ரைட் தேங்கும். அது இரத்தத்தில் ஏறி ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்யும். செவுள் காப்பித்தூள் நிறமாகும். ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரிலேயே மீன் மூச்சுத் திணறும். இதற்கு மருந்து அடுக்களையில் இருக்கிறது. நன்னீர் மீன் தன் உடம்புக்கு வேண்டிய குளோரைடைச் செவுள் வழியே இழுத்துக்கொள்ளும். அந்த வாசலில்தான் நைட்ரைட்டும் ஆள்மாறாட்டம் செய்து உள்ளே நுழைகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்துவிட்டால் வாசலில் குளோரைடு முண்டியடிக்கும், நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நெரிசலுக்கு நெரிசலே மருந்தாகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எனக்குப் பிடித்த தடுப்பு முறை ஒரு பிளாஸ்டிக் டப். புது மீன் எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் அதில் தனியே இருக்கட்டும். மருந்து போடுவதும் அதிலேயே நடக்கட்டும், ஏனென்றால் பல மருந்துகள் ஸ்பாஞ்சில் இருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொல்கின்றன. இலையில் மஞ்சள் கண்டதும் உரம் போடுகிற மாதிரி, வாலில் கிழிசல் கண்டதும் ஆன்டிபயாட்டிக் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வாங்கும்போது மீனின் இன்றைய அளவைப் பார்க்காதீர்கள். நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், தீனியும் கழிவும் அதற்கேற்பப் பெருகும். விரல்நீளப் பொன்மீன் ஒரு சாண் வளரக்கூடியது.

என் 34 மீன்களில் 11 மிஞ்சின. அந்தத் தொட்டிக்கு அதுவே சரியான கணக்கு. இந்த ஞாயிறு உங்கள் தொட்டியைக் கழுவப் போகிறீர்கள் என்றால் ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து, ஈரம் காய்வதற்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.