மேசை மேல் ஒரு படையெடுப்பு

நாகல் நகரிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் நிற்கிறது திண்டுக்கல் மலைக்கோட்டை. விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் காற்று வாங்கிவிட்டு இறங்குகின்றனர். மொட்டைப் பாறையொன்றிற்காக அரசர்கள் ஏன் இவ்வளவு இரத்தம் சிந்தினர் என்று வினவினால், அவர்களிடமிருந்து விடை வருவதில்லை. அதனைத் தாமே கண்டறிய ஓர் ஆட்டத்தை வீட்டிலேயே அமைத்துக் கொள்ளலாம்.

பொம்மைப் படைகளைக் கொண்டு போராடும் ஆட்டம் மேல்நாட்டில் பழகிப்போன ஒன்று. பிரஷ்ய அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824-ல் படைத்தலைவர்களின் பயிற்சிக்கென அதற்கு விதிகள் வகுத்தார், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் இல்லங்களுக்கேற்ற விதிகளை நூலாக்கினார். நமக்கோ சதுரங்கமும் ஆடுபுலியும் உண்டு. ஆயினும் சதுரங்கக் காய்களுக்குப் பசியில்லை. பசியையும் பாதையையும் சேர்த்துக் கொண்டால்தான் அது படையெடுப்பாகும்.

திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில் நிகழ்ந்த மூக்கறு போரையே நாம் எடுத்துக் கொள்வோம். மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை சத்தியமங்கலத்தைக் கைப்பற்றி மதுரையை நோக்கி வந்தது. வழியில் அகப்பட்ட ஆண், பெண், குழந்தைகளின் மூக்குகளை அறுத்தது. இக்கொடுமையை யேசு சபைக் குரு புரோயென்சா அடிகளார் தம் கடிதத்தில் விவரித்துள்ளார். நோயுற்றிருந்த நாயக்கர் இராமநாதபுரம் இரகுநாத சேதுபதியின் துணையை நாட, அவர் விரைந்து வந்து மைசூர்ப் படையை விரட்டினார்.

படம் ஒன்று வரைக. மாட்டுப் பொதியோடு செல்லும் படை நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் கடக்கும் எனக் கொண்டு, அத்தொலைவை ஒரு கட்டமாக்குக. சத்தியமங்கலத்திலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 12 கட்டம். அங்கிருந்து மதுரை 4. இராமநாதபுரத்திலிருந்து மதுரை 8. தூதன் நாளொன்றுக்கு மூன்று கட்டம் செல்வான். நாயக்கராக ஆடுபவர், பகைவர் திண்டுக்கல்லை அடையும்வரை வாளாவிருந்தால், தூது சென்று சேதுபதி வந்து சேர 11 நாள் ஆகும். பகைவருக்கோ நான்கே நாள். மீதி ஏழு நாளையும் மலைக்கோட்டைதான் தாங்க வேண்டும். கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகலாமே என்பர் சிலர். போனால், காவற்படை பின்னாலிருந்து பொதிமாடுகளை மறிக்கும்!

இனி உணவு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம், மாடொன்றுக்கு நூறு கிலோ சுமை என்றால், 15,000 பேரின் ஒரு நாள் உணவுக்கே 150 மாடுகள் வேண்டும். ஆகவே படை மூன்று நாள் உணவையே சுமக்கலாம் என விதிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து நெல்மணி வைக்க, திண்டுக்கல்லுக்குப் பத்து. ஐயாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி செலவாகும். உண்ட மணி அடுத்த அறுவடை வரை திரும்பாது. பட்டினி நாளில், ஒரு புறம் வெள்ளையாகத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டுக. கறுப்பாக விழும் ஒவ்வொன்றிற்கும் ஆயிரம் பேர் ஓடிவிடுவர்.

இக்கணக்கில், 15,000 பேர் திண்டுக்கல்லை முற்றுகையிட்டு ஆறு நாள் உண்ணலாம். ஏழாம் நாள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களைச் சூறையாடியே ஆக வேண்டும்.

கோட்டைக்குள் இருப்போரும் நாள்தோறும் ஒரு முறை கொட்டை உருட்டட்டும். 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட்டின் கும்பினிப் படை இக்கோட்டைமீது பாய்ந்து தோற்றது. இருந்தும் மறுநாளே கோட்டை பணிந்தது. காவலரில் பெரும்பாலோர் இரவோடிரவாக நழுவிவிட்டனர். மதிலை மட்டும் எண்ணுகிற விதி இதனைக் காட்டாது.

இரு தரப்பாரும் கட்டளைகளைச் சீட்டில் எழுதி நடுவரிடம் மட்டும் தருவர். படைகள் ஒரே கட்டத்தில் சந்திக்கும்போதுதான் பொம்மைகள் மேசைக்கு வரும். களிமண் பொம்மையே போதும். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

வெற்றிக் கணக்கில் நமக்கொரு பிடிவாதம் உண்டு. மதுரையைப் பிடித்தாலோ காத்தாலோ இருபது புள்ளி. தாம் வெறுமையாக்கிய கட்டமொன்றிற்கு இரண்டு புள்ளி கழிவு. இதனைக் கேட்டு வாலிபர் முகஞ்சுளிப்பர். அவர்கள் விரும்பும் ஆட்டத்தில் சிற்றூர்கள் வெறும் புள்ளிகளே.

முதல் ஆட்டம் முடிந்ததும் நெல்மணிகளை நிரப்பாமல், படத்தை அப்படியே வைத்துக் கொள்க. வரலாற்றில் நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர்மீது பழிவாங்கப் படை நடத்தினார். அங்கும் மூக்குகள் அறுக்கப்பட்டன. இரண்டாம் ஆட்டத்தில் மதுரைப் படை வடக்கே புறப்படட்டும். அது கடக்க வேண்டியவை, சென்ற ஆட்டத்தில் மைசூரார் உண்டு தீர்த்த அதே கட்டங்கள்.