பள்ளையாடு பேணல்

தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே வீசத் தொடங்கும் ஆனி மாதத்தில் குற்றாலம் புத்தழகு பெறும். மலைமுகட்டில் முகில் தவழும். பேரருவியும் ஐந்தருவியும் ஆர்த்து வீழும். இளவெயிலினூடே பூந்துளியாய்ச் சாரல் பொழியும். இவ்வின்பத்தை நுகரப் பல ஊர்களினின்றும் மக்கள் திரள்வர். ஆயின், மாந்தர்க்கு இன்பமாய் அமையும் அச்சாரலே ஓர் உயிர்க்குப் பெருந்துன்பமாய் முடிதலும் உண்டு. அவ்வுயிர் ஆடு. வெயிலைத் தாங்கும் ஆடு, ஈரத்தைத் தாங்குவதில்லை.

2019ஆம் ஆண்டில் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய தென்காசியில் வறண்ட கரிசற்காடும் குளிர்ந்த மலையடிவாரமும் ஒருங்கே உள்ளன. சங்கரன்கோவில் பக்கத்துக் காட்டில் மேய்ந்த ஆட்டைச் சந்தையில் வாங்கிச் சில மணி நேரத்தில் குற்றாலத்து அடிவாரத்திற்குக் கொண்டுவந்துவிடலாம். மனிதர்க்கு அஃது ஒரு சிறு பயணம்; ஆட்டிற்கோ நீரும் காற்றும் இரையும் ஒருசேர மாறிவிடும் பெருமாற்றம். புதிதாக வாங்கிய ஆடுகளிற் பல முதல் மூன்று வாரங்களுக்குள்ளேயே நோயுறுவதற்கு இம்மாற்றமே முதற்காரணமாகும்.

ஆடு தமிழர்க்குப் புதியதன்று. ஆட்டின் ஆணைக் குறிக்க மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் சுட்டுகின்றது. தென்பாண்டிச் சீமையில் இன்று வளர்க்கப்பெறும் வெள்ளாடுகளுள் கன்னியாடும் கொடியாடும் உயர்ந்த கால்களை உடையன. நெடுந்தொலைவு நடந்து மேயும் இயல்பின. பள்ளையாடு அத்தகையதன்று. கால் குறுகி, உடல் திரண்டு, வீட்டுக் கொல்லையிலேயே வளரத்தக்கது. பள்ளை என்னும் சொல்லே குறுமையைக் குறிக்கும். இத்தகைய குற்றாடுகள் பிற நாடுகளிலும் உண்டு. வங்காளத்துக் கறுப்பு ஆடும், மேற்கு ஆப்பிரிக்கக் குற்றாடும் உலகறிந்தவை.

நிலமில்லாதவனும் பள்ளையாடு வளர்க்கலாம். அதனாலன்றோ ஆட்டினை ஏழையின் பசு என்பர்! 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் நந்நான்கு ஆடுகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும் இதுபற்றியே. நான்கு ஆடுகளே ஒரு குடும்பத்தின் முதலாயின், அவற்றுள் ஒன்று இறப்பின் முதலிற் கால்பங்கு அழிந்தது என்பது பொருள். மகளின் பள்ளிச் செலவும் கூரையின் பழுதும் அம்முதலை எதிர்நோக்கியே நிற்கும். ஆதலின் ஆடு பேணல் எளிய தொழிலேனும், அறிந்து செய்யவேண்டிய தொழிலாகும்.

ஆட்டைத் தேர்ந்து வாங்குதல் முதற்கடமை. எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தை முதலிய இடங்களில் ஆடு வாங்குவோர் முதலில் வாயைத் திறந்து பார்ப்பர். ஆட்டிற்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை. கீழ்வாயில் எட்டு உண்டு. அவற்றுள் நடுவிலுள்ள இரண்டு பாற்பற்கள் வீழ்ந்து பெரிய பற்கள் முளைத்திருப்பின் ஆட்டின் வயது ஓராண்டைக் கடந்தது எனலாம். நான்கு முளைத்திருப்பின் ஏறத்தாழ இரண்டாண்டு எனலாம். கண் தெளிந்து, மூக்கு ஒழுகாமல், மயிர் பளபளத்து, புழுக்கை உருண்டையாய் இருத்தல் வேண்டும். பின்புறம் கழிச்சலால் நனைந்திருக்கும் ஆட்டை எத்துணை மலிவாயினும் வாங்கலாகாது.

வீடு வந்த ஆட்டிற்கு முதலில் வேண்டுவது ஓய்வு. நிழலிற் கட்டி, தூய நீரிற் சிறிது உப்பும் கருப்பட்டியும் கரைத்துக் கொடுத்தல் நலம். ஆடு கூட்டமாய் வாழும் இயல்பினது. தனித்துக் கட்டிய ஆடு கத்திக்கொண்டே நிற்கும், இரையெடாது. ஆதலின் ஒன்றை வாங்குவதினும் இரண்டை வாங்குதல் சாலச்சிறந்தது. முன்னரே வீட்டில் ஆடுகள் இருப்பின், புதியவற்றை அவற்றோடு உடனே சேர்த்தல் கூடாது. மூன்று வாரமேனும் வேறிடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும்.

இக்கட்டுப்பாடு எதற்கு? ஆட்டுக்கொல்லி என்றொரு நோய் உண்டு. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியன அதன் அடையாளங்கள். 1942ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் கண்டறியப்பெற்ற அந்நோய், இந்தியாவில் 1987ஆம் ஆண்டில் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் முதன்முதல் காணப்பெற்றது. நோய் பற்றிய ஆடு முதற் சில நாள்கள் நலமுடையது போலவே தோன்றும். அதற்குள் உடனிருப்பனவற்றிற்கும் நோயை ஈந்துவிடும். 2030ஆம் ஆண்டிற்குள் இந்நோயை உலகினின்றே ஒழிப்பதென 2015ஆம் ஆண்டில் நாடுகள் கூடித் திட்டம் வகுத்தன. தடுப்பூசி ஒன்று இட்டால் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் ஆடு காக்கப்பெறும்.

இனி, உணவைக் காண்போம். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலறை மிகப் பெரியது. அதனை ஒரு நொதிப்பானை எனலாம். கண்ணுக்குத் தோன்றா நுண்ணுயிர்கள் எண்ணிலடங்காதன அதனுள் வாழ்ந்து, ஆடு தின்ற தழையை நொதிக்கச் செய்து செரிப்பிக்கின்றன. வேலமரத் தழை தின்ற ஆட்டின் வயிற்றில் அத்தழைக்கு ஏற்ற நுண்ணுயிர்களே மிக்கிருக்கும். அதற்குத் திடீரென வேறு இரை கொடுப்பின், அதனைச் செரிக்கவல்லன போதிய அளவில் இரா. வயிறு உப்பும், ஆடு அசைபோடுதலை நிறுத்தும். ஆதலின், வாங்கும்போதே அவ்வாடு இதுகாறும் தின்றது யாது என விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். முதல் வாரத்தில் பழைய இரையே மிகுதியாகவும் புதிய இரை சிறிதாகவும் இருத்தல் தகும். இரண்டாம் வாரத்தில் இரண்டும் சமமாகலாம். மூன்றாம் வாரத்தில் புதியது மிகலாம்.

இதனை அறியாதார் அன்பினாலேயே ஆட்டைக் கொல்வதும் உண்டு. புதிய ஆடு மெலிந்திருக்கின்றதே என்று இரங்கி, சோறும் அரிசியும் கம்பும் நிறைய வைப்பர். விருந்து முடிந்த வீட்டில் எஞ்சிய சோற்றைத் தொட்டியிற் கொட்டுவர். மாப்பொருள் மிகுந்த இவ்வுணவு முதலறையில் விரைந்து புளித்து அமிலமாகும். நுண்ணுயிர்கள் மடியும், ஆடு தள்ளாடி வீழ்ந்து, ஓரிரு நாளில் இறத்தலும் கூடும். ஆட்டிற்குச் சோறு விருந்தன்று, நஞ்சு.

பின்னர் ஆட்டிற்கு எது உணவு? குளகே உணவு. மாடு புல் மேயும். ஆடு தழை கடிக்கும். அகத்தி, பூவரசு, வாகை, ஆல், அரசு, வேம்பு, கொடுக்காப்புளி, முருங்கை முதலியவற்றின் தழைகளை ஆடு விரும்பி உண்ணும். ஆடு தன் உடல் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுள்ள உலர்ந்த இரையை ஒரு நாளில் உண்ணும் எனக் கொள்ளலாம். இருபது கிலோ எடையுள்ள பள்ளையாட்டிற்கு இஃது 800 கிராம். பசுந்தழையில் முக்காற்பங்கு நீரே ஆதலின், தழையாயின் ஏறத்தாழ மூன்றேகால் கிலோ வேண்டும். இதனோடு தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சிறிது உப்பும் கலந்த அடர்தீவனம் 100 கிராம் முதல் 200 கிராம் வரை போதும். அதனையும் சிறுகச் சிறுகவே பழக்குதல் வேண்டும்.

எல்லாத் தழையும் ஆட்டிற்கு ஆகா. ஆடு தொடாத காரணத்தாலேயே ஆடாதொடை என ஒரு செடி பெயர் பெற்றது. ஆயினும் பசி மிகுந்த ஆடு இவ்வேறுபாட்டை எப்போதும் காணும் எனக் கூற இயலாது. அரளி கொடிய நஞ்சு. மரவள்ளித் தழையும், மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரும் உயிரைப் போக்கவல்லன. இவை உள்ள இடத்தில் புதிய ஆட்டை அவிழ்த்துவிடலாகாது.

சாரற் காலத்தில் பேராபத்து ஒன்று புல்லின் நுனியில் காத்திருக்கின்றது. ஆட்டின் புழுக்கையோடு வெளிப்படும் குடற்புழு முட்டைகள் ஈரத்தில் பொரித்து இளம்புழுக்களாகும். அவை நனைந்த புல்லின்மீது சில விரற்கடை உயரம் ஏறி நிற்கும். அப்புல்லை மேயும் ஆட்டின் வயிற்றுட் சென்று குருதியை உறிஞ்சும். வறண்ட காட்டில் வளர்ந்த ஆடு இத்துணைப் புழுக்களை எதிர்த்துப் பழகியதன்று. ஆதலின் பனியும் ஈரமும் உலர்ந்த பின்னரே ஆட்டை மேயவிடல் வேண்டும். தழையைத் தரையில் இடாது, ஆட்டின் தலைக்குமேல் உயரத்திற் கட்டித் தொங்கவிடல் வேண்டும். பின்னங்காலை ஊன்றி எழுந்து தழை கடித்தல் ஆட்டின் இயற்கையன்றோ! அவ்வியற்கையே அதனைப் புழுவினின்றும் காக்கின்றது. வயலோரத்திலும் குளக்கரையிலும் நத்தைகளால் பரவும் தட்டைப்புழுவும் உண்டாதலின், அவ்விடங்களையும் தவிர்த்தல் நலம்.

மழைக்குப்பின் தளிர்க்கும் இளம்புல்லை மிகுதியாக மேய்ந்த ஆட்டிற்குத் துள்ளுமாரி என்னும் நோய் வருதலும் உண்டு. ஆடு துள்ளி வீழ்ந்து மாய்தலின் அப்பெயர் பெற்றது. பருவமழைக்கு முன்னரே கால்நடை மருத்துவரை அணுகித் தடுப்பூசி இடுவித்தலும், புழுநீக்க மருந்து கொடுத்தலும் இன்றியமையாதன.

தொழுவம் மேட்டுநிலத்தில் அமைதல் வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றிற்குப் பத்துச் சதுர அடி இடம் வேண்டும். சாரல் மேற்கினின்றும் வீசுதலின், அப்பக்கத்தை ஓலைத் தட்டியால் அடைத்தல் நலம். ஏனைப் பக்கங்களில் காற்று உலவ வழி விடவேண்டும். மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடித்த பரண்மேல் ஆடு படுப்பின், சிறுநீரும் புழுக்கையும் கீழே விழும், குளம்பு ஈரத்தில் அழுகாது, எருவும் வீணாகாது.

நாள்தோறும் சிறிது நேரம் ஆட்டை உற்று நோக்குவதே எல்லா மருந்தினும் சிறந்த மருந்தாகும். ஆடு படுத்து அசைபோடுகின்றதா? புழுக்கை உருண்டையாய் உள்ளதா? கீழிமையைச் சற்றே விலக்கினால் உட்புறம் சிவந்திருக்கின்றதா? வெளுத்திருப்பின் புழுக்கள் குருதியை உண்கின்றன என்று ஐயுற்று, அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஆடு தன் துன்பத்தை வாய்விட்டுக் கூறாது. ஊர் மாறி வந்த உயிர் அதனினும் மிகுதியாக ஒடுங்கி நிற்கும். விரைந்து கொழுக்கச் செய்யவேண்டும் என்னும் ஆசையை ஒடுக்கி, அவ்வுயிர் புதிய மண்ணோடு இசையும் வரை மூன்று வாரம் பொறுத்திருப்பவனே நல்ல ஆயன். அப்பொறுமைக்குப் பரிசாக, சினையான ஆடு ஏறத்தாழ ஐந்து மாதத்தில் குட்டி ஈனும். ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் சீம்பாலைக் குட்டிக்கு ஊட்டிவிட்டால், மறுநாள் அது கொல்லையில் துள்ளித் திரியும். அதனைக் காணும் இல்லத்தார் உள்ளமும் உடன் துள்ளும்.