உரத்துக்கு வரி, வரிக்கு வழக்கு!

உரம், சுங்க வரி, கோர்ட்டு - இந்த மூன்றும் ஒரே கட்டுரையிலா என்று பயந்து, பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இதிலும் வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, பெருவெள்ளம் உண்டு. கட்டம் சூடு பிடிக்கும்போது 'தொடரும்' போடும் வழக்கமும் உண்டு. அதோடு, மாதச் சாமான் கணக்கெழுதும் எல்லோருக்கும் பழக்கமான ஒரு கேள்வியும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்குகிறவருக்கு, அந்த விலையைப் பற்றிப் பேச இடம் உண்டா?

வழக்கு நடந்த இடம் அமெரிக்கா. சரக்கு, பாஸ்பேட் உரம். நம் ஊர் உரக் கடையில் 'டி.ஏ.பி.' என்று கேட்டால் குருணை குருணையாக ஒரு மூட்டை கொடுக்கிறார்களே, அதுவும் அதன் தாயாதிகளும்தான். பயிர் வேர் பிடிக்கவும், மணி திரளவும் வேண்டிய சத்து இதில் இருக்கிறது. 'மணிச்சத்து' என்று நம் விவசாய இலாகாவினர் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தழைச்சத்தையாவது காற்றிலிருந்து பிடித்துவிடலாம். மணிச்சத்தைப் பாறையிலிருந்துதான் தோண்டி எடுக்க வேண்டும். உலகத்தில் கண்டறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் சுமார் நூற்றுக்கு 70 பங்கு மொராக்கோ தேசத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்தில் ஓரளவு உண்டு. அங்கே அந்தப் பூமியைத் தோண்டினால் பழங்காலத்துப் பிராணிகளின் எலும்பும் பல்லும் கூடவே வருமாம். அதனால் 'எலும்புப் பள்ளத்தாக்கு' என்றே அதற்குப் பெயர். (நம் ராணிப்பேட்டையில் 1906-லேயே பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெருமைக்காகச் சொல்லி வைத்தேன்.)

புளோரிடாவில் டாம்ப்பா நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மொசைக் என்ற பெரிய கம்பெனி, 2020-ம் வருஷம் ஜூன் மாதம் தன் சர்க்காரிடம் ஒரு பிராது கொடுத்தது. மொராக்கோவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிற பாஸ்பேட் உரத்துக்கு அந்தந்த நாட்டு சர்க்கார்கள் கைகொடுக்கின்றன. அதனால் அவர்கள் விலையைத் தாழ்த்தி விற்கிறார்கள். நாங்கள் நஷ்டப்படுகிறோம் என்பது பிராதின் சாரம். வெறும் வாய்ப்பேச்சு என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. பிளான்ட் சிட்டி என்ற ஊரில் இருந்த உர ஆலையை அந்தக் கம்பெனி 2019-ல் நிரந்தரமாக மூடியிருந்தது. ஆலை மூடினால் அதை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே தெருவில் இரண்டு பட்சணக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரருக்கு அரிசியும் வெல்லமும் மாமனார் வீட்டிலிருந்து இனாமாக வந்து இறங்குகின்றன. அவர் முறுக்கை அரை விலைக்கு விற்பார். எதிர்க் கடைக்காரர் பஞ்சாயத்தைக் கூட்டுவார். பஞ்சாயத்தார், 'மாமனார் கொடுத்ததன் மதிப்பு எவ்வளவோ அவ்வளவை இவரிடம் வரியாக வாங்கு' என்று சொன்னால், அதுதான் ஈடுகட்டும் வரி. மொராக்கோ விஷயத்தில் மாமனார் வேறு, மாப்பிள்ளை வேறு என்றுகூடச் சொல்ல முடியாது. 1920-ல் ஏற்பட்ட ஓ.சி.பி. என்ற அந்தக் கம்பெனியே பெரும்பாலும் சர்க்காருக்குச் சொந்தமானது. பாறை தோண்டும் உரிமையை அதற்கு மலிவாகக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ரஷ்யர்கள்மேல் சொன்னது, இயற்கை வாயுவைச் சல்லிசாகக் கொடுத்தார்கள் என்று.

அமெரிக்காவில் இந்தப் பஞ்சாயத்தை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். உதவி உண்டா, எவ்வளவு என்று பார்ப்பது வர்த்தக இலாகா. அதனால் உள்நாட்டுத் தொழிலுக்குச் சேதம் உண்டா என்று பார்ப்பது சர்வதேச வர்த்தகக் கமிஷன். இரண்டும் 'உண்டு' என்றன. 2021 ஏப்ரலில் வரி ஸ்திரமாயிற்று. ஓ.சி.பி.க்கு நூற்றுக்கு 19.97, ரஷ்யாவின் பாஸ்அக்ரோவுக்கு 9.19, யூரோகெமுக்கு 47.05.

இனி வெள்ளத்துக்கு வருவோம். 2018 இலையுதிர் காலத்திலும் 2019 வசந்தத்திலும் அமெரிக்காவின் நடுப்பகுதியில் மழை ஓயவே இல்லை. மிஸ்ஸிஸிப்பி ஆறு மாதக்கணக்கில் கரை புரண்டது. அந்த ஆற்றில்தான் உரம் ஏற்றிய தட்டைப் படகுகள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வடக்கே போக வேண்டும். படகுகள் நின்றன. வயலில் கால் வைக்க முடியாத விவசாயிகள் உரம் போடவில்லை. அந்த வருஷம் 1.9 கோடி ஏக்கருக்கு மேல் விதைக்க முடியாமலே கிடந்தது. சரக்கு தேங்கியது, விலை சரிந்தது.

விலையைச் சரித்தது வெளிநாட்டு உரமா, வானமா? இதுதான் வழக்கின் உயிர்நாடி.

'வேண்டியதற்கு மேல் இறக்குமதி செய்து குவித்தார்கள்' என்றது கமிஷன். 'சரக்கு கிடந்தது வாஸ்தவம். ஆனால் கிடந்த இடம் ஒன்று, தேவைப்பட்ட இடம் வேறு. அதனால்தான் புதிதாகக் கொண்டுவர வேண்டியிருந்தது' என்றது எதிர்த்தரப்பு. 'கிடந்ததை எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கலாமே!' என்றது கமிஷன்.

அனுப்பியிருக்கலாமா? கோர்ட்டில் இதைக் கேட்டார்கள். நியூயார்க்கில் இருக்கும் அந்தக் கோர்ட்டுக்கு 'சர்வதேச வர்த்தகக் கோர்ட்டு' என்று பெயர். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அது முழுக்க முழுக்க அமெரிக்கக் கோர்ட்டுதான். 1980 வரையில் 'சுங்கக் கோர்ட்டு' என்று அடக்கமாகத்தான் இருந்தது. சேத விஷயத்தை விசாரித்த நீதிபதியின் பெயர் ஸ்டீபன் வேடன். அவர் நீதிபதியாவதற்கு முன் அமெரிக்க விவசாய இலாகாவின் தலைமை வக்கீலாக இருந்தவர். 2025-ல் அதே இலாகாவுக்குத் துணைச் செயலாளராகப் போய்விட்டார். தமிழில் எழுதினால் வேடனாகிவிடுகிறாரே என்று நான் சிரித்துக்கொண்டேன். ஆனால் காரணங்களை வேட்டையாடுவதுதானே அவருடைய வேலை!

இங்கேதான் ஒரு சூட்சுமம். 'இந்த வரி நல்லதா, கெட்டதா?' என்று நீதிபதி கேட்கக் கூடாது. 'உரம் என்ன விலை விற்க வேண்டும்?' என்றும் கேட்கக் கூடாது. பையன் போட்ட கணக்கை வாத்தியார் திருத்துகிறாரே, அந்த மாதிரி. விடையை விட்டுவிட்டு வழியைப் பார்ப்பார். இந்த வரிக்கு அடுத்து அந்த வரி எப்படி வந்தது? ஏட்டில் அதற்குப் போதிய சாட்சியம் இருக்கிறதா? இருந்தால், தமக்குப் பிடிக்காத விடையையும் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். இல்லாவிட்டால், தாமே விடையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. 'மறுபடி போட்டுக்கொண்டு வா' என்று நோட்டைத் திருப்பிக் கொடுப்பார்.

2023 செப்டம்பரில் நோட்டு திரும்பி வந்தது. தேங்கிக் கிடந்த உரத்தைப் பெரிய அளவில் வேறு இடத்துக்கு அனுப்பியிருக்க முடியும் என்பதற்குச் சாட்சியம் போதாது என்றார் வேடன். கொஞ்சம் யோசித்தால் நமக்கே தெரிகிறது. ஆற்றோடு வடக்கே போய்க் கிடங்கில் கொட்டிய உரத்தை மறுபடி அள்ளி, ஏற்றி, இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகிற செலவில் லாபம் கரைந்துவிடாதா? அதே மாதத்தில், வர்த்தக இலாகாவின் நோட்டும் தனி வழக்கில் திரும்பியது. மொராக்கோவில் வரி அபராதத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் பொதுவான சலுகையா, சிலருக்கென்றே செய்த உதவியா என்ற தகராறும் அங்கே எழுந்தது.

வரி தொலைந்தது என்று நினைக்கிறீர்களா? 2024 ஜனவரியில் கமிஷன் கணக்கை மறுபடி போட்டது. அதே விடைதான் வந்தது! வழி மாறியது, விடை மாறவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் இதைக் கேலிக்கூத்து என்று நான் சொல்லமாட்டேன். அதிகாரி தம் மனத்துக்குத் தோன்றியதை எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. கேட்பதற்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே லேசான காரியமில்லை. எனக்கு உறுத்துவது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் வரித் தொகையைப் பாருங்கள். அந்த நாட்டில் இறக்குமதியின்போது கட்டுவது முன்பணம் மாதிரிதான். உண்மையான வரியைப் பிற்பாடு வருஷக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். ஓ.சி.பி.யின் வரி 19.97 என்று ஆரம்பித்ததா? 2023 நவம்பரில் முதல் மறுபரிசீலனையில் 2.12 ஆயிற்று. அடுத்த வருஷம் நவம்பரில் 16.81-க்கு ஏறிக்கொண்டது. ரஷ்யாவின் பாஸ்அக்ரோவுக்கோ 9.19 என்பது முதல் மறுபரிசீலனையிலேயே 28.50 ஆகிவிட்டது. இந்த ஊஞ்சலில் உட்கார்ந்து வியாபாரம் செய்வது எப்படி? மொராக்கோ கப்பல்கள் பெரும்பாலும் வேறு தேசங்களுக்குத் திரும்பிவிட்டன. அமெரிக்காவுக்குச் சவூதி அரேபியா முதலிய இடங்களிலிருந்து சரக்கு வந்தது.

விலையோ? 2020 கடைசியில் டன் 450 டாலர் சுமாருக்கு விற்ற டி.ஏ.பி., 2022 வசந்தத்தில் 1,000 டாலரைத் தாண்டியது. பழியை முழுக்க வரியின் தலையில் போடுவது நியாயமாகாது. 2021 கடைசியில் சீனா ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்தது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் மூண்டது. ஆனால் உலகமெங்கும் தட்டுப்பாடு வந்த சமயத்தில், பெரிய வியாபாரி ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது வரிதான் என்பதையும் மறைக்க முடியாது. மக்காச்சோள விவசாயிகளின் சங்கம், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி மொசைக் கம்பெனியையே பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டது.

சங்கத்தார் கம்பெனியிடம் போய்க் கேட்பானேன்? கோர்ட்டில் வழக்குப் போடுவதுதானே? அதற்குத்தான் வழியில்லை. சட்டத்தில் 'சம்பந்தப்பட்டவர்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டு உற்பத்தியாளர் உண்டு. இறக்குமதி செய்கிறவர் உண்டு. வெளிநாட்டு சர்க்கார் உண்டு. உள்நாட்டு ஆலைக்காரரும் அவருடைய தொழிலாளர் சங்கமும் உண்டு. காசு கொடுத்து உரம் வாங்கி நிலத்தில் போடுகிற விவசாயியின் பெயர் அதில் இல்லை. விசாரணையில் தகவல் சொல்லலாம். கோர்ட்டுக்கு 'நண்பர்' என்ற ஹோதாவில் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். சில விவசாயச் சங்கங்கள் அப்படிச் செய்தும் பார்த்தன. ஆனால் வழக்காளியாக நிற்க முடியாது. கல்யாணத்தில் சமையல் செலவை ஏற்றுக்கொண்டவருக்குப் பந்தியில் இலை கிடையாது என்பதுபோல!

இன்னொன்றையும் கேளுங்கள். முன்பணமாகக் கட்டிய வரி அதிகம் என்று தீர்மானமானால், அதிகத் தொகையை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணம் துறைமுகத்தில் வரி கட்டிய இறக்குமதி வியாபாரியின் கணக்குக்குப் போகிறது. அதே வரியை மூட்டை விலையோடு சேர்த்துக் கடையில் கொடுத்த அயோவா விவசாயிக்கு அதில் ஒரு சென்ட்டும் பாத்தியதை கிடையாது.